360 நிமிடங்கள்: மாரடைப்புக்கு அவசர சிகிச்சை வந்த கதை

ஊரில் அப்பா அம்மா தனியாக, இங்கே பெங்களூரில் நாம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஊர் நம்பரிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே வயிற்றைப் பிசையும். இந்தப் பதிவு அந்த போனைப் பற்றியதுதான். ஆனால் புலம்பல் இல்லை, வரலாறு. நெஞ்சு வலிக்கிறது என்று ஒருவர் சொன்ன நிமிடத்திலிருந்து அவருக்கு ஊசி ஏறும் வரையிலான நேரத்தைக் குறைக்க யார் யார் என்ன செய்தார்கள், அதில் தமிழ்நாடு எங்கே, கர்நாடகா எங்கே என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு பீன்யா விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் குப்பை கொட்டுவது பீன்யாவில். 1970களில் உருவான தொழிற்பேட்டை. லேத், சிஎன்சி, பிளேட்டிங், பவுடர் கோட்டிங், கார்மெண்ட்ஸ் என்று தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் ஷிப்ட் விடும் நேரத்தில் டீக்கடையில் நின்றால் சேலம், தர்மபுரி, திண்டுக்கல் பாஷையெல்லாம் காதில் விழும். இங்கே வேலைக்குச் சேருகிற எந்த எஞ்சினியருக்கும் முதல் வருடத்திலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். ஒரு பாகத்தை மெஷினில் போட்டு வெட்டி எடுக்க 12 நிமிடம்தான் ஆகும். ஆனால் அது நம்ம ஷெட்டுக்குள் வந்து வெளியே போக ஆறு நாள் ஆகும். மீதி நேரமெல்லாம் காத்திருப்பது. ஹீட் ட்ரீட்மெண்டுக்கு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு, டெம்போவுக்கு, சூப்பர்வைசர் கையெழுத்துக்கு. முதலாளி கோடி ரூபாய்க்குப் புது மெஷின் வாங்கி 12 நிமிடத்தை 9 நிமிடமாகக் குறைப்பார். கஸ்டமருக்கு அப்போதும் ஆறு நாள்தான்!

மாரடைப்பு சிகிச்சையின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டு அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் தசை, நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். கட்டியைக் கரைக்க வேண்டும், அல்லது குழாய்க்குள் கம்பி விட்டுத் திறக்க வேண்டும். கரைக்கும் சரக்கு ஒன்று இருப்பது 1933-லேயே தெரிந்துவிட்டது. ஸ்ட்ரெப்டோகைனேஸ். தொண்டைப்புண் உண்டாக்கும் பாக்டீரியாவிலிருந்தே கிடைத்தது (எதிரியிடமிருந்தே ஆயுதம்!). அதை மாரடைப்புக்கு எல்லோரும் நம்பிக் கொடுக்க இன்னும் ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆனது. 1988-இல் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வெளியானது. 17,187 நோயாளிகள். ஒன்றுமே கொடுக்கப்படாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இறந்தவர்கள் 13.2 சதவீதம். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஒரு ஆஸ்பிரின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 8 சதவீதம். ஆஸ்பிரின் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, 1988-இல் மெஷின் தயார். வேலை காத்திருக்கும் நேரத்தைப் பற்றி யோசித்தவர்கள் யார்?

அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஃபிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்று ஒரு டாக்டர். மாரடைப்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்கு முன்பே சாகிறார்கள், உள்ளே எவ்வளவு நல்ல வார்டு கட்டி என்ன பிரயோஜனம் என்று கேட்டார். 1966-இல் ஒரு பழைய ஆம்புலன்சில், கார் பேட்டரியில் ஓடும் ஷாக் கருவியை ஏற்றி, கூடவே டாக்டரையும் நர்ஸையும் ஏற்றி வீட்டுக்கே அனுப்பினார். அந்தக் கருவி 70 கிலோ! அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். இன்று உலகத்தில் எங்கே ஆம்புலன்சுக்குள் ஷாக் கருவி இருந்தாலும் அது அந்த பெல்ஃபாஸ்ட் வண்டியின் வாரிசுதான்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈசிஜி கண்டுபிடித்த ஐந்தோவனின் கருவி ஒரு அறை அளவுக்குப் பெரியது, நோயாளியிடம் கொண்டுபோக முடியாது. 1905-இல் லெய்டன் நகரத்தில் அவர் என்ன செய்தார் என்றால், ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த தன் ஆய்வகத்துக்கு டெலிபோன் கம்பி வழியாகவே நோயாளியின் இதயத் துடிப்பை வரவழைத்தார். அதாவது நோயாளி ஒரு இடம், படிக்கிறவர் ஒரு இடம். இன்று தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் ஈசிஜி எடுத்து பெங்களூருக்கு அனுப்புவது நூற்றிருபது வருடப் பழைய ஐடியா.

இனி நம்ம ஊர். 2008-இல் லான்செட் பத்திரிகையில் கிரியேட் என்று ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவில் 50 நகரங்கள், 89 ஆஸ்பத்திரிகள், 20,468 நோயாளிகள். இதை முன்னின்று நடத்திய டெனிஸ் சேவியரும் அவர் குழுவும் இங்கே நம்ம பெங்களூர் செயின்ட் ஜான்ஸ்காரர்கள். அதில் ஒரு ஜோடி எண்களைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வலி ஆரம்பித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வந்து சேர ஆன நேரம், நடுமதிப்பு: 360 நிமிடம். வந்து சேர்ந்தபின் கட்டி கரைக்கும் ஊசி போட ஆன நேரம்: 50 நிமிடம்.

ஆறு மணி நேரம் வெளியே, ஐம்பது நிமிடம் உள்ளே. டாக்டர்களை எவ்வளவு விரட்டினாலும் அந்த ஐம்பதில்தான் குறைக்க முடியும். பீன்யா கணக்குப்படி, 12 நிமிட மெஷினையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ஆறு நாளை மறந்த கதை.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஏழைகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, இருவருக்கும் கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சமன் செய்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஏழையின் இதயத்தில் குறை எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்ததுதான் குறைவு.

இந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதற்கு ஆய்வு தேவையில்லை, நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஷெட்டில் சேலத்துக்காரர் ஒருவர், ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு நெஞ்செரிச்சல். "கேஸ் ட்ரபுள்தாண்ணே" என்று ஒரு சோடா. அப்புறம் ஒரு ஈனோ. ஒன்பதரைக்கு இடது கை கனக்கிறது என்றார். வீட்டம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள் என்றார். பத்தேகாலுக்கு ஆட்டோவில் ஒரு நர்சிங் ஹோம். ஈசிஜி மிஷின் இருந்தது, அதை இயக்குகிறவர் காலையில்தான் வருவாராம். அங்கிருந்து இன்னொன்று. அங்கே ஈசிஜி எடுத்தார்கள், பார்த்தார்கள், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று ஒரு சீட்டு எழுதினார்கள். பீன்யாவிலிருந்து ஜெயதேவா சுமார் இருபது கிலோமீட்டர், நகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் பம்பு பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். லேத்துக்குத் திரும்பவில்லை. இப்போது ஊரில் மளிகைக் கடை.

அந்த இரண்டாவது இடத்து டியூட்டி டாக்டரை நான் திட்டத் தயாராக இல்லை. ராத்திரியில் தனியாக இருக்கும் ஒரு இளம் டாக்டர், கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டு, மூளையில் ரத்தம் கசிந்து (நூறில் ஒருவருக்கு ஆகக்கூடியது), ஆள் போய்விட்டால் வாசலில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியும். "மேலே கொண்டுபோங்க" என்பதுதான் அவருக்குப் பத்திரமான வார்த்தை. அவர் பக்கத்தில் ஒரு இதய மருத்துவர் நின்று "போடப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போட்டிருப்பார்.

இதைத்தான் தமிழ்நாட்டில் செய்து பார்த்தார்கள். அதற்கு முன் வண்டி வந்தது. 108 ஆம்புலன்ஸ் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஆந்திராவில் தொடங்கி, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கும், அதே வருடம் நவம்பர் 1, ராஜ்யோத்சவா அன்று கர்நாடகாவுக்கும் வந்தது. அதற்கு முன் ஆம்புலன்ஸ் என்றால் பிணம் கொண்டுபோகும் வண்டி என்ற எண்ணம்தானே நமக்கு? வண்டி வந்தது சரி, எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி மிச்சம் இருந்தது.

கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகிய இதய மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களில் ஒரு ஏற்பாட்டை நடத்தினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால். குடம் என்பது ஆஞ்சியோபிளாஸ்டி செய்யக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி. ஆரக்கால்கள் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகள். ஆரக்காலில் ஈசிஜி எடுத்தவுடன் அது குடத்தில் இருக்கும் டாக்டருக்குப் போகும். அவர் பார்த்துச் சொன்னதும் அங்கேயே ஊசி. பிறகு 108-இல் ஏற்றி 3 முதல் 24 மணி நேரத்துக்குள் குடத்துக்கு, ஆஞ்சியோகிராம் செய்து தேவைப்பட்டால் ஸ்டென்ட். குடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர் நேராக அங்கே. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. முதலில் கரைப்பது, அப்புறம் திறப்பது என்ற இந்த வழி சரிதான் என்று 2013-இல் ஸ்ட்ரீம் என்ற வெளிநாட்டு ஆய்வும் சொன்னது.

2017-இல் முடிவுகளை ஜாமா கார்டியாலஜி வெளியிட்டது. 2,420 நோயாளிகள். ஏற்பாட்டுக்கு முன் ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதம், பின் 60.8. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், பிறகு 14.2. நூறு பேரில் மூன்றிலிருந்து நான்கு பேர் கூடுதலாக உயிரோடு. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை! ஈசிஜியை யார் படிப்பது, வண்டி எங்கே போவது, காசு யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்ததற்குக் கிடைத்த பலன். ஷாப் ஃப்ளோர் ஆசாமியான எனக்கு இது ஸ்டென்டைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

தமிழ்நாடு அதன்பின் விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் எல்லாவற்றையும் ஒரே அவசர சிகிச்சைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' என்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளை வைக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14 மாத்திரை. கிராமத்தில் அப்பா அம்மா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, நாம் பிழைக்க வந்த கர்நாடகா? இங்கே ஆரம்பம் சீக்கிரமே நடந்தது. 2002-லேயே சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியை இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூர் நாராயண ஹிருதயாலயாவோடு இணைத்தார்கள். ஈசிஜியை சில நிமிடங்களில் படித்துச் சொல்லும் ட்ரைகாக் நிறுவனமும் பெங்களூர்க்காரர்கள் தொடங்கியதுதான். அரசு ஆஸ்பத்திரியான ஜெயதேவா மைசூரிலும் கலபுரகியிலும் கிளை விட்டது. தனித்தனியாக நல்ல மெஷின்கள் எல்லாமே இருந்தன. மாநிலம் முழுவதையும் ஒரே லைனாக இணைப்பதுதான் நடக்கவில்லை.

2021 அக்டோபர் 29. புனித் ராஜ்குமார், வயது 46. அன்று பெங்களூரில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பீன்யாவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிய சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. உடற்பயிற்சி செய்கிற, எல்லோருக்கும் பிடித்த ஒரு மனிதருக்கே இப்படியா என்று ஊரே பயந்து, அடுத்த சில நாட்களுக்கு ஜெயதேவாவில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. 2023-இல் அவர் பெயரிலேயே 'புனித் ராஜ்குமார் ஹிருதய ஜோதி' திட்டத்தைக் கர்நாடக அரசு தொடங்கியது. அதே குடம், ஆரக்கால் ஏற்பாடு. தாலுகா ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ஜெயதேவா போன்ற பெரிய இடத்தில் அதைப் படிக்கிற ஆள், அங்கேயே டெனெக்டிபிளேஸ் ஊசி இலவசம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாதிரி அரை மணி, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டாம். எடைக்குத் தகுந்தபடி ஒரே குத்து, சில விநாடிகளில் முடிந்துவிடும். வெளியே வாங்கினால் பல ஆயிரம் ரூபாய். ஒரு நடிகரின் சாவுதான் இதற்கு வேண்டியிருந்ததா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. பீன்யாவில் சோடா குடித்துக்கொண்டே செத்தவர்களின் பெயரை யார் திட்டத்துக்கு வைப்பார்கள்?

2025 ஜூன், ஜூலையில் ஹாசன் மாவட்டத்தில் அடுத்தடுத்து மாரடைப்பு மரணங்கள் என்று செய்தி வந்து மறுபடியும் பீதி. ஜெயதேவா இயக்குநர் ரவீந்திரநாத் தலைமையில் குழு போட்டு விசாரித்தார்கள். வழக்கத்தைவிட அதிகமாக நடக்கவில்லை, கொரோனா தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றது குழு. வாட்ஸப்பில் இதற்கு நேர்மாறாக வந்த ஃபார்வர்டுகளை உங்கள் சித்தப்பா இன்னும் அனுப்பிக்கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள். :-)

பக்கவாதம் பற்றி இதுவரை சொல்லவில்லை. காரணம், அந்தக் கதை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. அங்கேயும் ரத்தக்கட்டுதான், மூளைக்குப் போகும் குழாயில். அங்கேயும் கரைக்கும் ஊசி வேலை செய்கிறது என்று 1995-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்கள், 2008-இல் அதை நாலரை மணி நேரமாக நீட்டினார்கள். 2015-இல் கம்பி விட்டுக் கட்டியையே இழுத்து எடுக்கும் முறையும் நிரூபணமானது. ஆனால் ஒரு பெரிய சிக்கல். சில பக்கவாதம் அடைப்பால் வருவது, சில ரத்தக்கசிவால் வருவது. வெளியே பார்த்தால் இரண்டிலும் வாய் கோணும், கை விழும். கசிவு உள்ளவருக்கு இந்த ஊசியைப் போட்டால் அவ்வளவுதான். எனவே சிடி ஸ்கேன் எடுக்காமல் தொடவே முடியாது. ஈசிஜி மிஷினை ஆம்புலன்சில் வைத்துவிடலாம், சிடி ஸ்கேன் அப்படி இல்லையே.

இதிலும் ஒரு மாநிலம் வழி காட்டியது. யார் என்று ஊகிக்க முடியாது: ஹிமாச்சலப் பிரதேசம். மலைப்பாதை, விரல்விட்டு எண்ணக்கூடிய நரம்பியல் மருத்துவர்கள். 2014-இல் சிடி ஸ்கேன் இருந்த மாவட்ட ஆஸ்பத்திரிகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஸ்கேன் படத்தைப் போனில் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சரி என்றதும் அங்கேயே ஊசி போட வைத்தார்கள். மருந்து அரசு செலவு. கர்நாடகாவில் நிம்ஹான்ஸ் 2022-இல் மூளை நலத் திட்டம் ஒன்றை அரசோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஜெயநகர், சிக்கபள்ளாபூர், கோலார் ஆஸ்பத்திரிகளில் முதலில். கோலார் என்றதும் தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் ஞாபகம் வரும் நமக்கு.

பக்கவாதத்தில் பெரும்பாலும் வலி கிடையாது, அதுதான் வினை. "கை மரத்துப்போச்சு, தூங்கி எழுந்தா சரியாப்போயிடும்" என்று படுத்துவிடுவார்கள். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் கீழே விழுவது, பேச்சு குழறுவது, இந்த மூன்றையும் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் அம்மாவுக்கு நான் சொன்னபோது, "கை கால் விழுந்தா புறா ரத்தம் தடவணும்னு உங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். புறாவை விட்டுவிட்டு 108-ஐப் பிடி என்றேன்.

108 பற்றி நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். அப்பா திண்டுக்கல்லில் இருக்க, நீங்கள் பெங்களூரிலிருந்து 108 அடித்தால் அது கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். ஊரிலிருந்து யாராவது அடிக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு நம்பர், எதிர்வீட்டுப் பையன் நம்பர், இரண்டும் உங்கள் போனில் இருக்கட்டும். இங்கே பெங்களூரில் உங்களுக்கே வந்தால், கன்னடம் வராது என்று தயங்க வேண்டாம், "எதெ நோவு" என்றால் நெஞ்சுவலி, அது போதும். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும்போது ஊரில் உங்கள் வீட்டுக்கு அருகில் ராத்திரி ஈசிஜி எடுக்கும், ஊசி போடும் ஆஸ்பத்திரி எது, சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து எழுதி, போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு ஆஸ்பத்திரியாக இருக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மெஷின் டூல்ஸ்காரன். எந்த மாத்திரையையும் இந்தப் பதிவைப் பார்த்து விழுங்காதீர்கள், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஊரில் எந்த தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரியும் ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் ஊர்ப் பெயரோடு எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.